கடுகா, மல்லியா? இங்கிலாந்து ஓடைகளில் வாட்டர்கிரெஸ்ஸை இனங்காணும் வழி

லண்டனுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, சித்திரை மாதம். ஊருக்கு வெளியே நடக்கப் போன இடத்தில் ஒரு சின்ன ஓடை. கரையோரம் பச்சைப் பசேலென்று கீரை மண்டிக் கிடந்தது. கடையில் பையில் அடைத்து விற்கும் வாட்டர்கிரெஸ்தான் என்று எனக்குள் முடிவே கட்டிவிட்டேன். கை நிறையப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, வறை செய்யத் தேங்காயும் துருவி வைத்தாயிற்று. அப்போது ஊரிலிருந்து வந்து எங்களோடு நின்ற அம்மா ஓர் இலையை எடுத்து உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தார்.

"பிள்ளை, கடுகுக் காரம் இருக்குமெண்டெல்லோ சொன்னனி? இது கரட் இலை மணக்குது. மல்லிச் சாதியாக்கும்."

கீரை குப்பைக்குப் போனது. அடுத்த வாரம் அதே ஓடைக்குத் திரும்பவும் போய்ப் பொறுமையாகப் பார்த்தேன். நான் பறித்தது ஃபூல்ஸ் வாட்டர்கிரெஸ். ஏமாளியின் வாட்டர்கிரெஸ் என்று பொருள். பெயரே என்னைப் பார்த்துச் சிரித்தது. அதைத் தின்றால் ஒன்றும் ஆகியிராது. ஆனால் அதிலிருந்து நாலடி தள்ளி ஹெம்லாக் வாட்டர் ட்ராப்வார்ட் நின்றது. அதுவும் மல்லிச் சாதிதான். அதைத் தின்றிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

அம்மா கேட்டதைத்தான் இந்த வழிகாட்டி முழுக்கக் கேட்கப்போகிறேன். ஓடையில் ஒரு செடியைக் கண்டால் அதன் பெயரைத் தேடி ஓடாதீர்கள். முதலில் அது கடுகா, மல்லியா என்று கேளுங்கள்.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அஞ்சறைப்பெட்டியிலிருந்து நாலு கடுகை எடுத்துச் சட்டியில் தூவி வளர்த்தவர்களுக்கு அதன் பூ தெரியும்: நாலே இதழ், சிலுவை போல விரிந்திருக்கும். பூ உதிர்ந்ததும் தண்டோடு வரிசையாகக் காய்கள் நீளும். மல்லியைப் பறிக்காமல் விட்டுப் பூக்கவிட்டவர்களுக்கும் தெரியும்: குடைக்கம்பிகள் போல ஒரே புள்ளியிலிருந்து காம்புகள் கிளம்பி, நுனியில் பொடிப் பொடியாக வெள்ளைப் பூ. வாட்டர்கிரெஸ் கடுகுக் குடும்பம். அதைப்போல வேடமிட்டு நிற்கும் ஆபத்தான செடிகள் எல்லாம் மல்லிக் குடும்பம். சிக்கல் என்னவென்றால், கடைக் கீரை நினைவோடு நாம் ஓடைக்குப் போகிற காலத்தில் பெரும்பாலும் பூ இராது. இலையையும் தண்டையும் மணத்தையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

முதல் வருடம் கண்ணுக்கு மட்டும்

முதல் வருடம் எதையும் வாயில் வைக்காதீர்கள். சுவைத்துப் பார்த்து உறுதிசெய்கிறேன் என்பவர்களோடு ஓடைக்குப் போகாதீர்கள். ஒரே இடத்துக்கு மாதம் ஒரு தடவை போய், ஒரே செடியைத் தை முதல் ஐப்பசி வரை பார்ப்பதுதான் படிப்பு. இலையாகப் பார்த்ததைப் பூவாகவும் காயாகவும் பார்த்தபிறகு அந்தச் செடி உங்களை ஏமாற்றாது.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைவில்லை, ஒரு வெள்ளைத்தாள், கைபேசி. வெள்ளைத்தாள் எதற்கென்றால், ஓடையின் பச்சைக்குள் எல்லா இலையும் ஒன்றுபோலத்தான் தெரியும்; ஒரு தண்டைத் தாளில் வைத்துப் பார்த்தால்தான் ஓரமும் காம்பும் கண்ணில் படும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள், அல்லது கையுறை போடுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் இங்கேயும் உண்டு. ஆற்றங்கரையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, பெரிய குடை குடையாய்ப் பூத்து நிற்கும் ஜயன்ட் ஹாக்வீட்டைத் தொடவே வேண்டாம். அதன் பால் பட்ட தோலில் வெயில் பட்டால் தீப்பட்டது போலக் கொப்புளிக்கும். அதுவும் மல்லிக் குடும்பம்தான்!

படம் எடுத்தால் செடியின் பெயர் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. நானும் வைத்திருக்கிறேன். பூத்த செடிக்கு ஓரளவு நம்பலாம். பூக்காத மல்லிக் குடும்பத்துக் குருத்துக்கு அது சொல்லும் பெயரைப் பேச்சுத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

முதலில் தண்ணீர்

வாட்டர்கிரெஸ்ஸுக்குப் பிடித்தது ஓடும் தண்ணீர். ஆழம் குறைவாக, தெளிவாக, சுண்ணாம்புச் சத்தோடு இருந்தால் இன்னும் கொண்டாட்டம். தென் இங்கிலாந்தின் அடியில் கிடக்கும் சாக் என்ற வெண்சுண்ணப் பாறை மழைநீரைக் குடித்து வைத்திருந்து மெதுவாக ஊற்றாக வெளியே விடும். ஊற்றுவாயில் அந்தத் தண்ணீர் கோடையானாலும் பனிக்காலமானாலும் ஏறக்குறைய 10, 11 டிகிரி செல்சியஸில்தான் இருக்கும். அதனால்தான் புல்வெளி எல்லாம் வெண்பனி போர்த்திக் கிடக்கும் தை மாதத்தில்கூட ஊற்றோரம் மட்டும் பச்சையாக இருக்கும். உலகத்தில் உள்ள சாக் ஓடைகள் இருநூறுக்குச் சற்று மேல். அவற்றில் பெரும்பகுதி இங்கிலாந்தில்தான்.

இந்தத் தண்ணீரை நம்பித்தான் இங்கே வாட்டர்கிரெஸ் விவசாயமே வந்தது. வில்லியம் பிராட்பெரி என்பவர் 1808இல் கென்ட் மாவட்டத்தில் கிரேவ்ஸெண்டுக்கு அருகே ஸ்பிரிங்ஹெட்டில் ஊற்றுநீர்ப் பாத்தி கட்டி விற்பனைக்கு வளர்க்கத் தொடங்கினார். பிறகு ஹாம்ப்ஷரின் ஆல்ரெஸ்ஃபோர்ட் பக்கம் பாத்திகள் பெருகின. 1865இல் அங்கே வந்த ரயில் பாதையில் கீரைக்கட்டுகள் லண்டன் சந்தைக்குப் போயின. இன்றைக்குச் சுற்றுலாவுக்காக நீராவி வண்டி ஓடும் அந்தப் பாதைக்குப் பெயரே வாட்டர்கிரெஸ் லைன். ஆல்ரெஸ்ஃபோர்ட் போனால் நிச்சயமான வாட்டர்கிரெஸ் எப்படி இருக்கும் என்று பாத்தியோரம் நின்றே பார்த்துக்கொள்ளலாம்; வேலிக்கு வெளியே நின்று.

தேங்கிய, சேறு நிறைந்த, வயலுரம் வழிந்து இறங்கும் வாய்க்காலில் ஃபூல்ஸ் வாட்டர்கிரெஸ்ஸின் ராச்சியம் அதிகம். ஆனால் இடத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். இரண்டும் ஒரே ஓடையில், ஒரே மெத்தையில், ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு வளரும். நான் ஏமாந்ததும் அப்படித்தான். மேலே நாலு தண்டு நல்லது என்றால் அடியில் ஐந்தாவது தண்டும் நல்லது என்று நினைத்தேன். கொத்தாகப் பார்க்கக் கூடாது. தண்டு தண்டாகப் பார்க்க வேண்டும்.

பிறகு இலை

ஒரு முற்றிய இலையைக் காம்போடு எடுத்துத் தாளில் வையுங்கள். உச்சிக் குருத்து வேண்டாம்; இளசில் ஒற்றை இலையாகவோ மூன்று சிற்றிலையாகவோ இருந்து குழப்பும்.

வாட்டர்கிரெஸ் இலை கறிவேப்பிலை ஈர்க்கைப் போல: நடுவில் காம்பு, இரு பக்கமும் சிற்றிலைகள், நுனியில் ஒன்று. அந்த நுனிச் சிற்றிலைதான் எல்லாவற்றிலும் பெரிது. வட்டமாகவோ சற்று நீண்ட வட்டமாகவோ இருக்கும். ஓரம் வழவழப்பு. அங்கங்கே லேசாக அலை போல நெளியலாம், ஆனால் ரம்பப் பல் கிடையாது. மயிர் இல்லாத, சற்றே பளபளத்த கரும்பச்சை.

ஃபூல்ஸ் வாட்டர்கிரெஸ் இலையும் அதே அமைப்புத்தான். ஆனால் சிற்றிலைகள் எதிரெதிர்ச் சோடியாகச் சீராக உட்கார்ந்திருக்கும், நுனிச் சிற்றிலை மற்றவற்றைவிட அப்படியொன்றும் பெரிதாக இராது, ஓரம் முழுக்கப் பல். வேப்பிலையின் ஓரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கூர்மையில் பாதி. நிறம் வெளிறிய பச்சை.

கறிவேப்பிலை ஓரமா, வேப்பிலை ஓரமா? பத்துச் செடியில் எட்டை இந்த ஒரு கேள்வியே பிரித்துவிடும். மிச்சம் இரண்டுக்குத்தான் அடுத்த இடம்.

காம்பு தண்டைச் சேரும் இடம்

புதிதாக வருபவர்கள் யாரும் பார்க்காத இடம் இது. எனக்கு எல்லாவற்றையும்விட நம்பிக்கையானதும் இதுதான்.

இலைக்காம்பு தண்டில் வந்து சேருமிடத்தைக் கைவில்லையால் பாருங்கள். மல்லிக் குடும்பத்தில் காம்பின் அடி அகன்று, வாழைமட்டை தண்டைக் கட்டிப் பிடிப்பது போலத் தண்டைச் சுற்றி உறையாகப் போர்த்தியிருக்கும். செலரி வாங்கியிருந்தால் அதன் அடிப்பகுதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வாட்டர்கிரெஸ்ஸில் அந்த உறை கிடையாது. காம்பு நேரே தண்டில் ஒட்டும். அதிகம் போனால் இரண்டு பக்கமும் சின்னக் காது மடல் போல ஏதாவது துருத்தும்.

அப்படியே கணுக்களையும் பாருங்கள். வாட்டர்கிரெஸ் தண்டு உள்ளே பொள்ளல், அதனால்தான் மிதக்கிறது. தண்ணீரில் படுத்துப் படர்ந்து, கணுவுக்குக் கணு வெள்ளை நூல் போல வேர் விடும். ஃபூல்ஸ் வாட்டர்கிரெஸ்ஸும் கீழ்க்கணுக்களில் வேர்விடும், அதன் தண்டும் பொள்ளல்தான். ஆகவே பொள்ளல் தண்டும் கணு வேரும் சேர்ந்திருந்தால் 'வாட்டர்கிரெஸ்ஸாக இருக்கலாம்' என்றுதான் அர்த்தம். உறை இருந்தால் 'இல்லை' என்று அர்த்தம். இல்லை என்று சொல்லும் அடையாளத்துக்குத்தான் ஓடையில் மதிப்பு அதிகம்.

மூக்கு

ஓர் இலையைக் கசக்கி முகருங்கள். வாட்டர்கிரெஸ் கடுகை அரைத்தது போல, முள்ளங்கியைக் கடித்தது போல மூக்கில் ஏறும். இந்தக் காரம் இலையை நசுக்கும்போதுதான் பிறக்கிறது. கசக்காத இலையில் மணமே இராது. நாஸ்டர்டியம் என்ற அதன் தாவரவியல் பெயருக்கே லத்தீனில் மூக்கைத் திருகுவது என்று பொருள் சொல்வார்கள். பூந்தோட்டத்தில் செம்மஞ்சளாகப் பூக்கும் நாஸ்டர்டியம் வேறு செடி, வேறு குடும்பம். அதன் இலையும் காரமாக இருந்ததால் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டது.

மல்லிக் குடும்பத்துச் செடிகள் கரட் இலை, செலரி, பார்ஸ்லி என்று ஏதோ ஒரு பக்கம் மணக்கும். நமக்கு ஆபத்து இங்கேதான். நஞ்சென்றால் நாறும், கசக்கும் என்று நம் மனதில் ஒரு கணக்கு. ஹெம்லாக் வாட்டர் ட்ராப்வார்ட் அப்படி நாறாது. பார்ஸ்லி போல நன்றாகவே மணக்கும். ரசத்துக்குக் கிள்ளிப்போடலாம் போலிருக்கும். தமிழ்ச் சமையலறையில் வளர்ந்த மூக்கு 'அட, நம்ம மல்லி' என்று வரவேற்கும் மணம் அது. வீட்டில் அந்த மணம் வந்தால் மகிழுங்கள், ஓடையில் வந்தால் கையை எடுங்கள்.

கசக்கிய பிறகு கையைக் கழுவாமல் தின்பண்டத்தைத் தொடாதீர்கள்.

பூவும் காயும்

வாட்டர்கிரெஸ் வைகாசி முதல் புரட்டாசி தாண்டியும் பூக்கும். தண்டின் உச்சியில் கொத்தாக வெள்ளைப் பூ, நாலே இதழ், பூவின் அகலம் அரைச் சென்டிமீட்டர் அளவு. கைவில்லையில் ஆறு மகரந்தத்தாள்கள் தெரியும்: நாலு நீளம், இரண்டு குட்டை. அவற்றின் நுனிப் பைகள் மஞ்சள். இந்த மஞ்சளை மறக்க வேண்டாம், கீழே ஒரு உறவினரைப் பிரிக்க உதவும். உச்சியில் பூ இருக்கும்போதே அடியில் காய்கள் நீண்டிருக்கும். ஒன்றரைச் சென்டிமீட்டர் அளவில், சற்றே வளைந்து, காம்பில் விலகி நிற்கும். குடை போலப் பூத்திருந்தால் அது வாட்டர்கிரெஸ் இல்லை.

காயைப் பிரித்தால் ஒவ்வொரு அறையிலும் விதைகள் இரண்டு வரிசையாக இருக்கும். ஒரே வரிசையாக, காயும் மெலிந்து நீண்டிருந்தால் அது அதன் உடன்பிறப்பு, நாஸ்டர்டியம் மைக்ரோஃபில்லம். குளிர் வந்ததும் அதன் இலை செம்பழுப்பாக மாறும். இரண்டும் கலந்த கலப்பினமும் உண்டு. அதன் காய்கள் கோணலாக, விதை பிடிக்காமல் கிடக்கும். செடிக் கணக்கெடுப்புக்குப் பெயர் எழுதுபவர்களுக்கு இது முக்கியம், சமையலுக்கு வேறுபாடில்லை.

மல்லிப் பக்கத்து ஆட்கள்

ஃபூல்ஸ் வாட்டர்கிரெஸ்ஸைப் பார்த்தாயிற்று. அதைத் தின்னும் வழக்கமும் உண்டு. நான் தின்பதில்லை, காரணம் லெஸ்ஸர் வாட்டர் பார்ஸ்னிப் என்ற இன்னொரு செடி. இலை ஏறக்குறைய அதே இலை, பல் இன்னும் கூர்மை, சோடிகள் இன்னும் அதிகம். அது மாடுகளுக்கு நஞ்சு. இரண்டையும் பிரிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு: பார்ஸ்னிப்பின் இலைக்காம்பில், கடைசிச் சோடிச் சிற்றிலைக்கும் கீழே, மோதிரம் போட்டது போல ஒரு வளையம் தெரியும். பூக்காத செடியிலும் தெரியும். அழகான அடையாளம். ஆனால் என் வயிற்றை அந்த மோதிரத்தை நம்பி விட நான் தயாரில்லை.

இனி ஹெம்லாக் வாட்டர் ட்ராப்வார்ட். பிரிட்டனில் தானாக வளரும் செடிகளில் இதைவிடக் கொடியது இல்லை என்று பலரும் சொல்வார்கள். முழுதாக வளர்ந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், கோடு கோடாய் வரிந்த பொள்ளல் தண்டோடு, வெள்ளைக் குடைகள் விரித்து நிற்கும்போது அதை வாட்டர்கிரெஸ் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். அது ஏமாற்றும் காலம் வேறு: மார்கழி, தை, மாசி. மற்றச் செடிகள் எல்லாம் கருகிக் கிடக்கும்போது இது மட்டும் ஓடையோரம் முழங்காலுக்குக் கீழே தளதளவென்று கிளம்பும். இலை ஒருமுறை இரண்டுமுறை பிரிந்ததோடு நிற்காது, பிரிந்து பிரிந்து போய்க் கடைசியில் ஆப்பு வடிவத் துண்டுகளாக முடியும். தட்டை இலைப் பார்ஸ்லியும் மல்லியும் கலந்தது போல ஒரு தோற்றம். பச்சைக்கு ஏங்கிப் போயிருக்கும் கண்ணுக்கு அது கீரைப்பாத்திதான்.

அதன் கிழங்கைத் தண்ணீர் அரித்து வெளியே விட்டிருந்தால் பார்க்கலாம். நம் ஊரில் சாத்தாவாரி என்றும் தண்ணீர்விட்டான் என்றும் சொல்லும் செடியின் கிழங்குபோல, வெளிறிய விரல்கள் கொத்தாக. செத்தவன் விரல்கள் என்று ஆங்கிலத்தில் பட்டப்பெயரே உண்டு. நஞ்சு செடி முழுக்க இருந்தாலும் கிழங்கில்தான் அதிகம். வாய்க்கால் தூர்வாரிக் கிழங்கைக் கரையில் போட்டுவிட்டுப் போனால், அதைத் தின்று மாடுகள் சாகும். ஈனாந்தோடாக்சின் என்ற அந்த நஞ்சு மூளையை அமைதிப்படுத்தும் சமிக்ஞையைத் தடுக்கிறது. அதனால் வலிப்பு வருகிறது.

சமைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2002இல் அவசரச் சிகிச்சை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த குறிப்பு இது: ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதிக்கு விடுமுறைக்குப் போன எட்டு இளைஞர்கள் ஓடையோரம் எடுத்த இந்தக் கிழங்கை வாட்டர் பார்ஸ்னிப் என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டார்கள். சிலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று, வலிப்பும் வந்தது. அவர்கள் சமைத்தது என்ன தெரியுமா? கறி. மசாலா போட்டுக் கொதித்த பிறகும் நஞ்சு நஞ்சாகத்தான் இருந்தது.

தவறுதலாக யாராவது தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே 999ஐ அழையுங்கள். மிச்சம் இருக்கும் செடியையும் கிழங்கையும் எறியாமல் கூடவே கொண்டுபோங்கள்.

கடுகுப் பக்கத்து உறவினர்

இவர்களால் பயமில்லை, பெயர்தான் மாறும். ஈரமான இடங்களில் சித்திரையில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து நாலிதழாகப் பூப்பது குக்கூஃப்ளவர். ஆரஞ்சு டிப் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடி அது, பறிக்காமல் விடுங்கள். நிழலான ஊற்றோரம், வாட்டர்கிரெஸ் போலவே வெள்ளையாகப் பூத்து, ஆனால் மகரந்தப்பை ஊதாவாக இருந்தால் லார்ஜ் பிட்டர்கிரெஸ். அதன் தண்டு பொள்ளலாக இராது. கரைச்சேற்றில் நெளிந்த தண்டோடு வளர்வது வேவி பிட்டர்கிரெஸ். முற்றிய காயைத் தொட்டால் படாரென்று வெடித்து விதை தெறிக்கும், பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிடுவார்கள். அதையும் வீட்டுச் சட்டிகளில் களையாக வரும் ஹேரி பிட்டர்கிரெஸ்ஸையும் பிரிக்க மகரந்தத்தாளை எண்ணுங்கள்: வேவிக்கு ஆறு, ஹேரிக்கு நாலு.

பூ மஞ்சளாக இருந்தால் யெல்லோகிரெஸ் வகைகள், அல்லது விண்டர்கிரெஸ். விண்டர்கிரெஸ் தண்ணீருக்குள் இராது. கரையில், வாய்க்கால் வரம்பில், பளபளத்த இலையோடு நிமிர்ந்து நிற்கும்.

இரண்டு குடும்பத்திலும் சேராத ஒருவரும் உண்டு: ப்ரூக்லைம். வாட்டர்கிரெஸ் மெத்தைக்குள் அடிக்கடி தலை நீட்டும். அதன் இலை சிற்றிலைகளாகப் பிரியாது. முழு இலை, சற்றுத் தடிப்பு, தண்டில் எதிரெதிராக இரண்டிரண்டு. பூ நீலம். ஒருமுறை பார்த்தால் போதும்.

செடி சரி, தண்ணீர் சரியா?

இனங்கண்டுவிட்டோம், இனித் தின்னலாம் என்று நினைக்கும் இடத்தில்தான் இங்கிலாந்துக்காரரே பலர் தவறுகிறார்கள். செடி நூறு விழுக்காடு வாட்டர்கிரெஸ்ஸாக இருந்தாலும் அதில் ஈரல் தட்டைப்புழு ஒட்டியிருக்கலாம். ஆடு, மாட்டின் சாணத்தோடு புழுவின் முட்டை ஈரநிலத்துக்கு வரும். குஞ்சு ஒரு சின்னச் சேற்று நத்தைக்குள் புகுந்து பெருகும். பிறகு நத்தையை விட்டு வெளியேறித் தண்ணீரோரச் செடிகளில் கண்ணுக்குத் தெரியாத கூடாக ஒட்டிக்கொள்ளும். அந்தச் செடியைப் பச்சையாகத் தின்பவரின் ஈரலுக்கும் பித்தக்குழாய்க்கும் அது போய்ச் சேரும். காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி என்று தொடங்கி மாதக்கணக்கில் இழுக்கும்.

உப்புத்தண்ணீரில் கழுவினேன், வினாகிரியில் ஊறவைத்தேன் என்பதெல்லாம் இதற்கு உத்தரவாதமில்லை. நன்றாகக் கொதிக்கவைப்பது ஒன்றே வழி. காட்டு வாட்டர்கிரெஸ்ஸில் சலாட் கிடையாது, சம்பல் கிடையாது. வல்லாரையைப் பச்சையாக அரைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். ஆசையாக இருந்தால் கடையில் வாங்குங்கள். அது கால்நடை நுழையாத பாத்தியில் ஊற்றுநீரிலோ ஆழ்கிணற்று நீரிலோ வளர்ந்தது. ஓடைக்கு மேற்பக்கம் ஆடு மாடு மேய்ந்தாலோ, கழிவுநீர்க் குழாய் இறங்கினாலோ, தெருவோர வாய்க்காலாக இருந்தாலோ அந்த இடம் சமைக்கவும் ஆகாது.

சட்டமும் ஒன்றிரண்டு தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி, காட்டுச் செடியின் பூவையோ காயையோ இலையையோ விற்பனைக்கல்லாமல் பறிப்பது திருட்டாகாது. ஆனால் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி, நிலத்துக்குரியவரின் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்கக் கூடாது. வாட்டர்கிரெஸ் இழுத்தால் வேரோடு வரும். ஆகவே இழுக்காதீர்கள், கத்தரியால் வெட்டுங்கள். பாதுகாக்கப்பட்ட நிலமென்றால் அதுவும் வேண்டாம்.

பழக ஓர் இடம்

தென் லண்டனில், டூட்டிங், மிட்சம் ஆகிய ஊர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு வாண்டில் ஆறு காலடியில் இருக்கிறது. அதுவும் சாக் ஓடைதான். கார்ஷல்டனிலும் கிராய்டன் பக்கத்திலும் ஊற்றெடுத்து, 14 கிலோமீட்டர் அளவு ஓடி வாண்ட்ஸ்வர்த்தில் தேம்ஸில் விழுகிறது. 19ஆம் நூற்றாண்டில் கார்ஷல்டன், பெடிங்டன் பக்கம் வாட்டர்கிரெஸ் பாத்திகள் இருந்தன. இப்போது பெடிங்டன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் அதில் கலக்கிறது. ஆகவே இங்கே கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும்தான் வேலை, வாய்க்கு இல்லை. படிக்க வருபவருக்கு இதைவிட நல்ல நிபந்தனை கிடையாது.

காலியர்ஸ் வுட் நிலையத்தில் இறங்கி ஆற்றோரமாக மார்டன் ஹால் பூங்கா வரை நடந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பாலங்களில் நின்று ஓரத்துப் பச்சையைப் பாருங்கள். கை எட்டுகிற இடத்தில் ஒரே ஒரு இலையை எடுத்துத் தாளில் வைத்து, நாலு படம் பிடியுங்கள்: இலை முழுதாக, இலையோரம் கிட்டத்தில், காம்பு தண்டைச் சேரும் இடம், பூ இருந்தால் பூ. தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிக் கேட்பதென்றாலும் இந்த நாலும் இருந்தால்தான் அவரால் பதில் சொல்ல முடியும். தூரத்திலிருந்து எடுத்த ஒரு பச்சைக் குவியலின் படத்தை அனுப்பி 'இது கீரையா?' என்று கேட்கும் செய்தி எனக்கு வாரம் ஒன்று வருகிறது. அதற்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: தின்னாதே, திரும்பப் போய்க் காம்பைப் பார்.

வீட்டுக்குப் போகுமுன் பூட்ஸின் அடியில் ஒட்டிய சேற்றையும் செடித்துண்டுகளையும் அந்த ஓடைக்கரையிலேயே தட்டிவிடுங்கள். வீட்டில் கழுவி, அடுத்த ஓடைக்குப் போகுமுன் நன்றாகக் காயவையுங்கள். ஓர் ஓடையின் நோயையும் களையையும் இன்னோர் ஓடைக்குக் காவிக்கொண்டு போவது பெரும்பாலும் நம் காலணிதான்.